சம்பத்துவின் சாப்பாட்டு நாற்காலி

அக்ரஹாரத்துக் கடைக்காரர்களுக்கு ஜயம்மா வருகிறாள் என்றாலே கொஞ்சம் கிலி. புடவையைப் பிரித்து வெயிலில் பிடிப்பாள், முந்தானை நூலை இழுத்துப் பார்ப்பாள், ஈர விரலால் சாயத்தைத் தேய்ப்பாள். பானை வாங்கப் போனால் விரல் முட்டியால் தட்டிப் பார்த்ததோடு நிற்க மாட்டாள். தண்ணீர் ஊற்றச் சொல்லி, கசிகிறதா என்று பக்கத்திலேயே குந்தியிருப்பாள். மேல்கோட்டையில் அவளைப் பெண் பார்க்க வந்த பராசரன் எழுந்து போனதும், அவர் உட்கார்ந்த பாயை விளக்கடிக்கு எடுத்துப் போய் வெற்றிலைக் கறை இருக்கிறதா என்று பார்த்ததாக அவள் தங்கைகள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். கறை இல்லை. அதனால்தான் அவள் மைசூருக்கு வந்தாள்.

வீட்டில் அவர்கள் நாலே பேர். மாமனார் திருநாராயணன் தாலூகா கச்சேரியில் சிரஸ்தேதாராக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் காலமாகிப் பல வருஷமாயிற்று. பராசரன் மின்சார இலாகாவில் குமாஸ்தா. நாலாவது ஆள் சம்பத்து. 1936-ம் வருஷம் மழைக்காலத்தில் அவனுக்குப் பத்து மாதம். தவழ்வதில் பல்லியையும் தோற்கடிப்பான். கண்ணில் பட்டதெல்லாம் வாய்க்குப் போக வேண்டும்.

ஒரு நாள் காலை, ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் பராசரனும், அவருக்கு எதிரே திருநாராயணனும் மணையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜயம்மா மிளகு ரசமான கொதிக்கும் சாத்தமுதை ஈயச்சொம்போடு கீழே வைத்துவிட்டு நெய்க் கிண்ணத்தை எடுக்கத் திரும்பினாள். அவ்வளவுதான். கூடத்திலிருந்த சம்பத்து எப்படி வந்தான் என்று யாரும் பார்க்கவில்லை. சொம்பின் விளிம்பைப் பிடித்து ஒரே இழுப்பு. நல்ல வேளையாக அது அவன் மேல் சாயாமல் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. சாத்தமுது திருநாராயணனின் இலையில் பாய்ந்து, அவர் தொடையிலும் தெறித்தது.

"அய்யோ, மாமா, எழுந்திருங்கோ!" என்று கத்தினாள் ஜயம்மா, குழந்தையை வாரிக்கொண்டே.

அவர் எழுந்திருக்கவில்லை. கையைத் தரையில் ஊன்றி, உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தார். "ஒண்ணும் ஆகலை. நீ மொதல்ல குழந்தையைப் பாரு" என்றார். குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. விரலில் ஒட்டியிருந்ததை நக்கிவிட்டு, மிளகின் காரத்துக்கு முகத்தைச் சுளித்தான். மறுபடியும் நக்கினான். பராசரன் சிரித்துவிட்டார். ஜயம்மா அவன் கையையும் காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். பழைய புடவையால் அவனை இடுப்பில் கட்டித் தூணோடு பிணைத்தாள். அவன் தூணைச் சுற்றிச் சுற்றித் தவழ்ந்து, கடைசியில் தூணோடு ஒட்டிக்கொண்டு, தெருக்கோடிக்குக் கேட்கும்படி அலறினான். மாமனார் மடியில் உட்கார்த்தினாள். அவன் தயிர்க் கையால் அவர் நெற்றித் திருமண்ணை அழித்து, மூக்குக் கண்ணாடியைச் சாற்றில் போட்டான்.

எதிர்வீட்டு லிங்கம்மாதான் வழி சொன்னாள். அவள் கணவர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். "டாக்டர் வீட்டிலே பார்த்தேன், ஜயம்மா. குழந்தைக்குன்னே உயரமா ஒரு குர்ச்சி. முன்னாடி ஒரு பலகை, அதிலே தட்டு. குழந்தை மகாராஜா மாதிரி உட்கார்ந்து சாப்பிடறது. கீழே இறங்கவே முடியாது."

"விழாதா?" என்றாள் ஜயம்மா உடனே.

"அதை நான் கேக்கலையே" என்றாள் லிங்கம்மா.

ஊர் மாற்றலாகிப் போகிறவர்களின் சாமான்களை வாங்கி விற்கும் நஞ்சுண்டசாமியின் கடை, மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஜயம்மாவும் பராசரனும் அங்கே கிளம்பினார்கள். கிளம்புவதற்கு முன் அவள் ஒரு காரியம் செய்தாள். ஒரு கையில் குழந்தையையும் மறு கையில் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். பராசரனைப் பையில் ராகியைக் கொட்டச் சொன்னாள். இரண்டு கையும் ஒரே மாதிரி வலிக்கிறவரைக்கும் கொட்டியாயிற்று. பையின் வாயைக் கட்டி, அதற்குச் சம்பத்துவின் பழைய சட்டையையும் மாட்டினாள்.

"சட்டை எதுக்கு?" என்றார் பராசரன்.

"துணி வழுக்கறதா, பிடிக்கறதான்னு தெரிய வேண்டாமா?"

குழந்தையை லிங்கம்மாவிடம் விட்டுவிட்டு, சட்டை போட்ட மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜட்காவில் உட்கார்ந்தாள். வண்டிக்காரன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். பராசரன் வழி நெடுக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

நஞ்சுண்டசாமியிடம் மூன்று நாற்காலிகள் இருந்தன. அவர் முதலில் காட்டியது தேக்கில் செய்தது. முதுகுப் பலகையில் மயில் செதுக்கியிருந்தது. மெருகில் முகம் பார்க்கலாம். பராசரன் மயிலைத் தடவிக்கொண்டே, "இதுவே போதுமே" என்றார்.

ஜயம்மா மூட்டையை அதில் உட்கார்த்தினாள். நாலு கால்களும் செங்குத்தாக, ஒன்றுக்கொன்று நெருக்கமாக நின்றன. சம்பத்து எதையாவது எட்டிப் பிடிக்கப் பக்கவாட்டில் சாய்வானே, அதைப்போல மூட்டையை ஒரு பக்கம் சாய்த்தாள். மயில் ஒரு கணம் யோசித்தது. பிறகு நாற்காலி, மூட்டை, எல்லாமே தொப்பென்று விழுந்தன. முடிச்சு அவிழ்ந்து ராகி கடை முழுக்கச் சிதறியது.

"அம்மாவரே, குழந்தை இப்படியெல்லாமா செய்யும்?" என்றார் நஞ்சுண்டசாமி பரிதாபமாக.

"எங்க குழந்தை இதைவிட மோசமா செய்யும், சாமி" என்றாள் ஜயம்மா.

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நஞ்சுண்டசாமியும் சிரித்துவிட்டுத் துடைப்பம் எடுத்துவரச் சொன்னார். பராசரன் காது மடல் சிவக்கக் குனிந்து ராகியை அள்ளினார். பழையபடி மூட்டை கட்டியாயிற்று.

இரண்டாவது நாற்காலி அதிசயமானது. நடுவில் கீல் இருந்தது. மடக்கினால் சக்கரம் வைத்த சின்ன வண்டியாகும், நிமிர்த்தினால் நாற்காலி. நஞ்சுண்டசாமி மடக்கி நிமிர்த்திக் காட்டினார். ஜயம்மா மார்க்கெட்டில் வாங்கிய பீன்ஸில் ஒன்றை எடுத்துக் கீலின் இடுக்கில் வைத்து, "இப்போ மடக்குங்கோ" என்றாள். பீன்ஸ் இரண்டு துண்டாகத் தரையில் விழுந்தது. பராசரன் தன் சுண்டுவிரலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

மூன்றாவதை நஞ்சுண்டசாமி காட்டவே இல்லை. அவளே கண்டுபிடித்தாள். மூலையில், உடைந்த கட்டிலுக்குப் பின்னால், பச்சை வர்ணம் உரிந்து, பார்க்கச் சகிக்காமல் நின்றது. கால்கள் நாலும் கீழே போகப் போக அகன்று, ஆட்டுக்குட்டி ஊன்றி நிற்பதுபோல் நின்றன. மூட்டையை முன்னால், பின்னால், இரண்டு பக்கமும் சாய்த்தாள். அசையவில்லை. அடியில் கை விட்டு ஆணி துருத்துகிறதா என்று தடவினாள். முன்பலகையை ஆட்டிப் பார்த்தாள். நகத்தால் சுரண்டியபோது வர்ணம் செதிள் செதிளாக வந்தது.

"இதை அவன் நக்குவான். முழுக்கச் சுரண்டித்தான் உபயோகிக்கணும்" என்றாள்.

"சுரண்டினாலும் அழகு வராதே" என்றார் பராசரன், மயிலைப் பார்த்துக்கொண்டே.

"அழகா உட்காரப்போறவன் அவன்தானே?" என்றாள். விலை சீக்கிரமே படிந்தது. யாரும் கேட்காத சாமான் போனதில் நஞ்சுண்டசாமிக்கு மகிழ்ச்சி.

வர்ணத்தைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அலம்பி, வெயிலில் காயவைத்து, அவள் நாற்காலியைச் சமையலறைக் கூடத்துக்குக் கொண்டுவந்தபோது திருநாராயணன் வாசலை மறித்தார்.

"இது என்ன, ஜயா?"

"குழந்தைக்கு, மாமா. சாப்பிடறப்போ உட்கார."

"நாங்கள்ளாம் கீழே உட்காருவோம், பொடிப்பயல் மேலே உட்காருவானா? தசரா தர்பாரா நடக்கறது இங்கே? யார் யார் எச்சில் பட்ட சாமானோ!"

"மூணு தடவை அலம்பியாச்சு, மாமா. ஒரு வாரம் பாருங்கோ. சரிப்படலைன்னா நானே திருப்பிக் கொடுத்துடறேன்."

அவர் வாசலை விட்டு நகர்ந்தார். அவருடைய அகராதியில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

மறுநாள் காலை சம்பத்து அரியணை ஏறினான். முதலில் ஆச்சரியத்தால் வாய் பிளந்தான். பிறகு இரண்டு கையாலும் பலகையைத் தட்டினான். அவன் முன்னால் குழைந்த சாதத்தை வைத்துவிட்டு, நாள்கணக்காய் இல்லாத நிம்மதியோடு ஜயம்மா சாத்தமுதை எடுத்துவரப் போனாள். மூட்டை விழவில்லை, ஆகவே இவனும் விழமாட்டான் என்று நம்பினாள்.

ஆனால் மூட்டைக்குக் கால் கிடையாது. நெளியவும் தெரியாது.

பராசரன் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தரையில் உட்கார்ந்திருந்த திருநாராயணனின் கண்ணுக்குத்தான் பலகைக்கு அடியில் நடப்பது தெரிந்தது. இரண்டு குட்டிக் கால்கள் கீழே கீழே இறங்கிக்கொண்டிருந்தன. இடுப்பு வந்தது. வயிறு வந்தது. சம்பத்து பலகைக்கு அடியில் வழுக்கிக்கொண்டு வந்தான். அக்குள் வரைக்கும் வந்துவிட்டான். இன்னும் கொஞ்சம் இறங்கினால் கழுத்து மாட்டும்.

"ஏய்! குழந்தை!" என்று ஒரு கத்தல். ஜயம்மா ஓடி வந்தபோது திருநாராயணன் நாற்காலியடியில் முழங்காலிட்டுக் குழந்தையின் இரு பாதங்களையும் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டிருந்தார். அவர் இலை காலில் மிதிபட்டுக் கிடந்தது. சம்பத்துவோ இதை விளையாட்டென்று நினைத்து, சாதக் கையால் அவர் தலையில் தட்டிக்கொண்டிருந்தான்.

அவள் குழந்தையைத் தூக்கி எடுத்தாள். பராசரன் அப்பாவுக்குக் கை கொடுத்தார். அப்போதுதான் இருவரும் பார்த்தார்கள். அவரால் எழுந்திருக்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, மகன் தோளைப் பற்றி, ஒவ்வொரு காலாக, முனகிக்கொண்டு எழுந்தார். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

ஜயம்மாவுக்குச் சட்டென்று பல விஷயம் விளங்கியது. தினமும் எல்லாரும் கை அலம்பப் போன பிறகும் அவர் மட்டும் இலை முன்னாலேயே உட்கார்ந்திருப்பது ஏன், சாத்தமுது தொடையில் கொட்டினபோதும் எழாதது ஏன் என்று. தூணைப் பிடித்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் எழுந்துகொண்டிருந்திருக்கிறார் மனிதர். எத்தனை வருஷமாகவோ. வீட்டிலுள்ள பாத்திரத்தையெல்லாம் தட்டிப் பார்த்த தனக்கு இது கண்ணில் படவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மத்தியானம் நாடாக் கட்டிலுக்கு வாங்கி மிஞ்சியிருந்த நாடாவை எடுத்தாள். குழந்தையின் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டையும், இரண்டு கால்களுக்கும் நடுவே மேலேறிப் பலகையோடு சேர்கிற மாதிரி இன்னொரு பட்டையும் தைத்தாள். இந்தத் தடவை மூட்டையை நம்பவில்லை. சம்பத்துவையே உட்கார்த்திப் பக்கத்தில் நின்று, அவன் எல்லாத் திசையிலும் நெளிந்து, திமிறி, அலுத்துப்போய்க் கொட்டாவி விடுகிறவரைக்கும் பார்த்தாள்.

சாயங்காலம் மாமனாரிடம் போய் நின்றாள்.

"மாமா, நாடா போட்டுட்டேன். ஆனாலும் எனக்குத் தைரியம் போறலை. நான் பரிமாறப் போயிடுவேன். இவருக்கு இலையைத் தவிர வேற ஒண்ணும் கண்ணுல படறதில்லை. நீங்கோ குழந்தை பக்கத்துலயே ஒரு நாற்காலி போட்டுண்டு உட்கார்ந்தா நன்னாயிருக்கும். கீழேருந்து எழுந்து வர்றதுக்குள்ள ஏதாவது ஆயிடும்."

திருநாராயணன் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் குழந்தையைப் பற்றிய கவலையைத் தவிர வேறெதுவும் இல்லை. அல்லது இல்லாதமாதிரி வைத்துக்கொண்டிருந்தாள்.

"இலையை எங்கே போடறது?" என்றார் கடைசியில்.

"உங்க எழுத்து மேஜை இருக்கே."

"ஹும். குழந்தைக்காகத்தான். தெரிஞ்சுதா?"

"குழந்தைக்காகத்தான், மாமா."

மறுநாளிலிருந்து திருநாராயணன் மேஜையில் இலை போட்டுச் சாப்பிட்டார். குழந்தைக்கு ஒரு கவளம், தனக்கு ஒரு கவளம். புரட்டாசியில் மேல்கோட்டையிலிருந்து வந்த அவருடைய தமையனார், வாசற்படியிலேயே நின்று, "திருநாராயணா, இதென்ன துரைமார் பழக்கம்?" என்று கேட்டார்.

"மணைக்கு நாலு கால் முளைச்சிருக்கு, அவ்வளவுதான். குழந்தையை யார் பார்த்துக்கறது? நீ பார்த்துக்கறயா?" என்றார் இவர், சம்பத்துவின் வாயைத் துடைத்துக்கொண்டே. தமையனார் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சம்பத்து ஒரு கை தயிர்சாதத்தை அவர் அங்கவஸ்திரத்தில் வீசினான். பேச்சு அத்தோடு முடிந்தது.

அந்த நாற்காலி பிறகு தெருவில் பல வீடுகளுக்குப் போய்வந்தது. லிங்கம்மாவின் பேரனுக்கு அதில் உட்கார்ந்துதான் பல் முளைத்தது. புதிதாக நாற்காலியோ தொட்டிலோ வாங்கப்போகிறவர்கள் ஜயம்மாவையும் கூட்டிப்போனார்கள். அவள் இரண்டாவதாகப் பெற்ற ராஜலக்ஷ்மிக்கு மட்டும் அது பிடிக்கவே இல்லை. உட்கார்த்தினால் விறைத்துக்கொண்டு வீறிட்டாள். ஜயம்மா நாடாவை மாற்றினாள், மெத்தை வைத்தாள், ஜன்னலோரம் நகர்த்திப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை.

"விடு, ஜயா. எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரி இருக்குமா? இங்கே கொண்டா" என்று திருநாராயணன் மேஜையைச் சற்றுத் தள்ளி மடியைக் காட்டினார். ராஜலக்ஷ்மி அங்கே ஏறியதும் அழுகையை நிறுத்தி, முதல் வேலையாக அவருடைய அப்பளத்தை எடுத்துக்கொண்டாள். அவர் இன்னொரு அப்பளம் கேட்டார்.