செம்பூர் வீட்டுத் திருஷ்டிப் பொம்மை

எங்கள் அக்கா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இலையில் அமரும் சொந்தபந்தங்கள், அக்கம்பக்கத்தார் எல்லோர் கையிலும் இந்த நினைவு மலர் இருக்கும். என்னை எழுதச் சொன்ன அக்காவின் பிள்ளைகள், "மாமா, நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க, சண்டை சச்சரவெல்லாம் வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார்கள். சண்டையை எடுத்துவிட்டால் அக்காவைப் பற்றி எழுத மிச்சம் என்ன இருக்கிறது? பம்பாயில் பிறந்த பிள்ளைகள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். அந்தத் தைரியத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு சிற்றூர். எங்கள் தாயார் சீக்கிரமே போய்விட்டதால் என்னை வளர்த்தவர் அவர்தான். கல்யாணமாகி அத்தானோடு பம்பாய்க்கு ரயிலேறியபோது நானும் கூடவே ஒட்டிக்கொண்டேன். தாராவியில் கூரைக்குத் தகரம், சுவருக்குச் சாக்கு. அத்தான் சயானில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். அக்கா கிழிந்த கோணிச் சாக்குகளை வாங்கித் தைத்து விற்றார். கையில் கோணி ஊசி இருந்தால் அவரிடம் பேச்சுக் கிடையாது, கை மட்டும் ஓடும். ஒரு மழைக்காலத்தில் முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து எங்கள் வரிசைக் குடிசைகளை எல்லாம் பிடுங்கிப் போட்டார்கள். நனைந்த சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டு அக்கா அத்தானைப் பார்த்துச் சொன்னார்: "இனிமே எவனும் பிடுங்க முடியாத வீடா கட்டணும். சொந்த மண்ணுல கட்டணும்." அத்தான் தலையை ஆட்டினார். அவர் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை.

அந்த ஒரு பேச்சுக்காக இருவரும் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி, அறுபதுகளின் நடுவில் செம்பூரில் ஊர் முடிந்து உப்புச் சதுப்பு தொடங்குகிற ஓரத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கினார்கள். விற்றவர் பாட்டீல் என்ற மராட்டிய விவசாயி, தங்கமான மனிதர். பத்திரத்தில் ஒரு வில்லங்கமும் இல்லை. வில்லங்கம் பக்கத்தில் இருந்தது. மதுவிலக்கு இருந்த காலம் அது. சதுப்புக்குள் கள்ளச்சாராய அடுப்பு போட்டிருந்தவன் பெயர் தத்து. தத்து தாதா என்றால் போலீஸ்காரனும் ஒதுங்கிப் போவான். முறுக்கு மீசை, கழுத்தில் எப்போதும் ஒரு சிவப்புக் கைக்குட்டை. ஒரு குடும்பம் வந்து விளக்கேற்றினால் அவன் தொழில் கெடும். மதராஸிகளைக் கண்டாலே கல் எடுத்த காலமும் அதுதான், அவனைத் தட்டிக் கேட்க ஆள் இல்லை.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிப் பூஜை போட்ட அன்று தத்து வந்தான். மஞ்சள் குங்குமம் வைத்துக் குழியில் இறக்கிய முதல் செங்கல்லின்மேல் வெற்றிலை எச்சிலைக் காறித் துப்பினான். துப்பிவிட்டு அங்கேயே நின்றான். அத்தான் குழியில் இறங்கி, தோளில் கிடந்த துண்டால் அந்த எச்சிலைத் துடைத்தார். அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு வாரம் இருவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மானம் ரோஷம் உள்ள குடும்பமா இது என்று திட்டினேன்.

சுவர் இடுப்புக்கு எழும்பியது, நிலைவாசலும் வைத்தாயிற்று. கட்டுகிற வீட்டுக்குக் கண்ணேறு படாமல் இருக்க நம் பக்கத்தில் பொம்மை கட்டுவார்கள் அல்லவா, அக்கா அதையும் செய்தார். சாக்கில் வைக்கோல் திணித்து ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மை. சாக்குத் தைக்கிற கை ஆனதால் மூக்கு, தாடை எல்லாம் உயிருள்ள ஆள் போலவே வந்துவிட்டது. கரியால் பெரிய மீசை. தலையும் உடம்பும் சேர்கிற தையலை மறைக்கக் கழுத்தில் ஒரு சிவப்புத் துணி. வழக்கப்படி ஒரு பிய்ந்த செருப்பும் தேய்ந்த விளக்குமாறும் சேர்த்து, சாரக் கழியில் கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டாயிற்று. மராட்டியரும் வீட்டுக்குக் கறுப்புப் பொம்மை கட்டுகிறவர்கள்தான். ஆனால் அது உள்ளங்கை அளவு துணிப் பொம்மை. மீசை வைத்து, செருப்பு மாட்டி, தூக்கில் தொங்குகிற ஆளை அவர்கள் கண்டதில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் தத்து ஆட்களோடு வந்தான். இரும்புக் கம்பி, சைக்கிள் செயின், கடப்பாரை. பொம்மையை அண்ணாந்து பார்த்தான். தன் கழுத்துக் கைக்குட்டையைத் தொட்டுப் பார்த்தான். இது நான்தானே என்று இந்தியில் கேட்டான். அத்தான், இல்லை பாய், இது கண் திருஷ்டிக்கு என்று சொல்லி முடிப்பதற்குள் கம்பி அவர் தோளில் இறங்கிவிட்டது. கொத்தனார் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். குறுக்கே போன என் நெற்றியில் செயின் விழுந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டியது. ஒருவன் கடப்பாரையால் சுவரைத் தள்ளினான். ஈரம் காயாத சுவர், பொலபொலவென்று சரிந்தது. இரண்டு பேர் அத்தானைக் கீழே தள்ளி, வலது கையை அந்தச் செங்கல் குவியலின்மேல் பிடித்து வைத்தார்கள். தத்துவே கம்பியை ஓங்கி அடித்தான். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அத்தான் அலறவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நிலைவாசல் ஒன்றுதான் மிச்சம் நின்றது. அதை உதைத்துத் தள்ளத் தத்து காலைத் தூக்கினான். பின்பக்கம் சிமெண்ட் மூட்டைக்குப் படுதா தைத்துக்கொண்டிருந்த அக்கா, ஊசியும் கையுமாக ஓடி வந்து நிலைக்குள் நின்றார். தூக்கிய காலை ஒரு கையால் பிடித்தார், மறு கையால் கோணி ஊசியை அவன் தொடையில் காது வரைக்கும் இறக்கினார். அவன் மல்லாக்க விழுந்தான். அக்கா அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றி ஏறிக்கொண்டார். ஊசியிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆட்கள் கம்பியை ஓங்கியபோது அதை ஒரு திருகு திருகினார். அவன் போட்ட கூச்சலில் ஓங்கிய கம்பிகள் எல்லாம் இறங்கின.

"எவனாவது இந்த நிலையத் தொட்டுப் பாரு. இவன் காலு இவனுக்கு இல்ல" என்றார். அக்காவுக்கு அப்போது இந்தி தெரியாது. நாங்குநேரித் தமிழில்தான் சொன்னார். அத்தனை பேருக்கும் புரிந்தது.

பாட்டீலும் அவர் மக்களும் தடியோடு வந்து சேரும்வரை அக்கா இறங்கவில்லை. அவர்களைக் கண்டதும் ஆட்கள் தத்துவைக் கைவண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். உருவிய ஊசியைத் தன் முந்தானையில் துடைத்து, நிலைச்சட்டத்தின் மேல்கட்டையில் கல்லால் அடித்து இறக்கிவிட்டுத்தான் அக்கா அத்தானைத் தூக்க வந்தார்.

கலகம் செய்ததாகப் போலீஸ் பிடித்து உட்கார வைத்தது எங்களைத்தான். அத்தானின் கை வீங்கிக் கறுத்துப் போயிருந்தது. ஐயா, அது வெறும் சடங்குப் பொம்மை, யாரையும் நினைத்துச் செய்ததில்லை என்று நான் இன்ஸ்பெக்டர் காலில் விழாத குறையாகச் சொன்னேன். எங்கள் குலதெய்வம் சுடலைமாடன்மேல் சத்தியம் செய்தேன். பாட்டீலும் வந்து சாட்சி சொன்னார். கடைசியில் அவர்கள் நம்பினார்கள். அத்தான் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வலி தாங்காமல் குனிந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அந்தக் கை பிறகு நேராகவே இல்லை. லேத் வேலை போயிற்று. நிலத்தை விற்றுவிட்டுத் தாராவிக்கே வந்துவிடுங்கள் என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. அக்கா கிழிந்த பொம்மையை மறுபடி தைத்து, அதே கழியில் தொங்கவிட்டார். விழுந்த சுவரை அக்காவும் இடது கையால் அத்தானுமாக மறுபடி எழுப்பினார்கள். அத்தான் நூல் பிடிப்பார், அக்கா கல் வைப்பார். அத்தான் அந்த வீட்டிலேயே சாக்குக் கடை போட்டார். இரண்டு பிள்ளைகள் அங்கேதான் பிறந்தார்கள். தத்து சாராய அடுப்பை மூடிவிட்டான். விந்தி விந்தி நடப்பவன், எங்கள் வாசலைக் கடக்கும்போது மட்டும் எதிர்ப்பக்கம் போய்விடுவான்.

அத்தான் காலமாகி அநேக வருஷங்கள் கழித்து அக்கா படுக்கையில் விழுந்தார். ஒரு மத்தியானம் தனியாகப் பேசிக்கொண்டிருந்தோம். பாவம்க்கா, ஒரு பொம்மையத் தப்பா நெனச்சிக்கிட்டு எவ்வளவு ரத்தம் என்றேன். அக்காவுக்குச் சிரிப்பு வந்து இருமலே வந்துவிட்டது.

"தப்பா ஒண்ணும் நெனைக்கலலே. அவனுக்குன்னேதான் தச்சேன். அவிய துண்டால எச்சியத் தொடச்சாவல்லா, அன்னைக்கே மனசுல வச்சிட்டேன்."

அத்தானுக்கு இது தெரியுமா என்று கேட்டேன்.

"மீசைக்குக் கரி எடுத்துத் தந்ததே அவியதாம்ல."

உடைந்த கையோடு அத்தனை வருஷம் இருந்த மனிதர், ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. மானம் ரோஷம் இல்லை என்று இவர்களையா திட்டினேன்! அன்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன், சிரிக்கவும் செய்தேன்.

அக்காவைக் கடைசிவரை கவனித்த மருத்துவருக்கும் செவிலிப் பெண்களுக்கும், அன்றுபோல் இன்றும் முதலில் வந்து நின்ற பாட்டீல் குடும்பத்தாருக்கும், தாராவி, மாட்டுங்கா, முலுண்ட் என்று எங்கெங்கிருந்தோ வந்து துக்கத்தில் பங்கு கொண்ட அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தெருமுனையில் கடை வைத்திருக்கும் தத்துவின் பேரன் அக்காவின் பாடைக்குத் தோள் கொடுத்தான். அவனுக்குத் தனியாக நன்றி. அவன் தாத்தா பொம்மையைச் சரியாகத்தான் அடையாளம் கண்டார், என் சத்தியத்தை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, யாராவது இந்தியில் சொல்லுங்கள். கேட்டுவிட்டுச் சண்டைக்கு வந்தாலும் வரட்டும். அக்காவின் ஊசி இன்னும் நிலையில்தான் இருக்கிறது.