இல்லாத எலிக்குக் கூலி

"இல்லாத எலிய நான் எங்கம்மா கொண்டாந்து காட்டுறது?"

அரசு அலுவலகத்தில் எலி பிடிக்கும் எலிக்காரர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் ஒப்பந்தப் பிரிவு அதிகாரிக்கு அன்று நியாயம் பார்க்க நேரமில்லை. "எலியக் காட்ட வேண்டாம். இல்லைன்னு காட்டுங்க, போதும்" என்று சொல்லி, அடித்தளத்துப் பதிவறையின் கதவைத் தள்ளினாள். பின்னால் மறுஆய்வாளர் நின்றிருந்தார். புதிய முறை எப்படி நடக்கிறது என்று பார்க்கத் தலைமையகத்திலிருந்து வந்தவர்.

பழைய முறையில் பிடித்த எலிக்குக் கூலி. எலி குறையவே இல்லை. தன் பிழைப்புக்குத் தானே பூட்டுப் போடுகிறவர் உண்டா? ஆகவே அரசாங்கம் சீர்திருத்தம் கொண்டுவந்தது. இனி உழைப்பை வாங்கக் கூடாது, பலனை வாங்க வேண்டும். எங்காவது சிறிதாகச் செய்து பாருங்கள் என்றார்கள். அவள் எலி ஒப்பந்தத்தை எடுத்தாள். எலி இல்லாத மாதத்துக்கு மட்டும் கூலி. இல்லை என்பதை ஒப்பந்த அதிகாரியே நேரில் இறங்கிப் பார்த்துச் சான்றளிக்க வேண்டும். கடைசி வரியை எழுதியவளும் அவள்தான். எழுதிய வேகத்தில், தனக்கு எலி என்றாலே குலை நடுங்கும் என்பது மறந்துவிட்டது.

நிபந்தனை போடுவது அவளுக்குப் பிறவிக் குணம். பால் வாங்கி வாருங்கள் என்று கணவரிடம் சொல்ல மாட்டாள். "பால், திரியாதது, ஆறு மணிக்குள்ள. தவறினா காப்பி கிடையாது" என்பாள். 'உட்பிரிவு' என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவர்தான். மாமியார் இன்னும் ஒரு படி மேலே போவார்: "இவகிட்ட ஒரு வாய் தண்ணி கேட்டாக்கூட மூணு இடத்துல விலை விசாரிச்சுட்டுத்தான் குடுப்பா."

இதுவரை சமாளித்தாகிவிட்டது. ஒவ்வொரு மாதமும் எலிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, அறையை ஒரு சுற்றுச் சுற்றுவாள். மேலே வந்து, 'என் கண்ணில் எலி எதுவும் படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.

இன்று அது நடக்காது. முறை சரியில்லை என்று மறுஆய்வாளர் எழுதினால் அவளை வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். காலியாக இருந்த ஒரே இடம் பதிவறைப் பொறுப்பு. இதே அறை, நாள் முழுக்க.

"நீங்க முன்னாடி போங்க" என்றார் மறுஆய்வாளர். "எப்படிப் பார்க்கிறீங்கன்னு நான் பார்க்கிறேன்."

அவள் கண்ணைத் திறந்துகொண்டு நுழைந்தாள். ஈரம் ஊறிய சுவர், ஒற்றை விளக்கு, வரிசையாக அலமாரிகள். நாலாவது அலமாரியில், ரத்தான ஒப்பந்தக் கட்டின் மேல், மாமனார் தோரணையில் ஓர் எலி உட்கார்ந்திருந்தது.

அலற வாயெடுத்தபடியே திரும்பினாள். எலிக்காரரின் முழங்கையைப் பற்றிக்கொண்டு, ஊசி போடக் கூட்டி வந்த பிள்ளை மாதிரி, மறுஆய்வாளர் கண்ணை இறுக மூடியிருந்தார்.

"ஒண்ணும் இல்லதானே? சரின்னு எழுதிடட்டுமா?"

எலிக்காரரும் எலியைப் பார்த்துவிட்டார். வயிற்றில் அடிக்காதே என்று கண்ணாலேயே கெஞ்சினார். தலையை ஆட்டினால் போதும், மூவரும் பிழைப்பார்கள். ஆனால் தான் போட்ட நிபந்தனை கண்ணெதிரே மீறப்படுவதை அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"ஒண்ணு இருக்கு சார். நாலாவது அலமாரி. பெருசு."

மறுஆய்வாளர் அலமாரி உச்சிக்கு எப்போது ஏறினார் என்று யாருக்கும் தெரியாது. எலியே மிரண்டு ஓடிவிட்டது. அவள் மட்டும் தரையில் நின்றிருந்தாள்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"பார்த்தேன் சார்."

"அடேயப்பா" என்றார் அவர். "முறை வேலை செய்யுதே! ஏணி இருக்கா?"

"கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தவனும் நான், மாட்டிக்கிட்டவனும் நான்" என்று முனகிக்கொண்டே எலிக்காரர் ஏணி தேடப் போனார்.

மறுநாள் காலை அறிக்கை வந்தது. குறை கண்டுபிடிக்கப்பட்டதால் முறை திருப்திகரம் என்று இருந்தது. எலிக்காரருக்கு அந்த மாதக் கூலி இல்லை. அவர் பொறி வைத்தார், மதியம் எலி அகப்பட்டது. சரிபார்ப்பவரின் கண்கள் திறந்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கப்பட்டது. அவள் தன் இருக்கையிலேயே இருந்தாள். அடுத்துக் கூரை ஒழுகல் ஒப்பந்தத்தை எடுத்தாள்: ஒழுகாத மாதத்துக்கு மட்டும் கூலி. அன்று மழை இல்லை.