போளூர்க் கும்மி

பழைய நாட்டுப்புறப் பாட்டுக் கேசட்டுகளைக் கணினியில் ஏற்றுவது கொடைக்கானலில் என் வேலை. ஒருநாள் மேல்மலைப் போளூரிலிருந்து ஒரு பூண்டு விவசாயி வந்தார். ஒடிசலான உடம்பு, காதுவரை இறக்கிய கம்பளிக் குல்லா. எதைத் தொடும் முன்னும் கையைத் துண்டில் துடைத்துக்கொள்வார். நான் நீட்டிய ஹெட்போனையும் அப்படித்தான் வாங்கினார்.

அவர் ஊர்ப் பெண்கள் எப்போதோ பாடிய கும்மியைக் கேட்க வேண்டுமாம்.

"உங்க வீட்டம்மா பாடியிருக்காங்களா?"

"அவளுக்குப் பாட வராதுங்க. அன்னைக்கு நெஞ்சுச்சளி வேற. ஓரமா உக்காந்து இருமிக்கிட்டே கெடந்தா. தவறி ஏழு வருசமாச்சு. அவ சத்தம்னு வேற எதுவும் இல்லீங்க."

அந்த இருமல் எனக்குத் தெரியும். இரைச்சல் என்று ஒவ்வொன்றாக வெட்டியெடுத்தவன் நான்தான். சுத்தமான பதிவு என்று அப்போது பெருமை வேறு. பூஞ்சை பிடித்த கேசட்டையும் தூக்கிப் போட்டாயிற்று.

பாட்டைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் முறை சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.

பிறகு ஹெட்போனைக் கழற்றி, துண்டால் துடைத்துக் கொடுத்தார்.

"நாந்தான் தப்பா நெனச்சுட்டேன் போலருக்கு. அன்னைக்கு அவ வரவே இல்லையோ என்னமோ."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார். வாசல்வரை கூடவே போனேன். அப்போதும் நான் சொல்லவில்லை.