மைக்கூடு தவசி பக்கம்

ஆபீஸுக்குள் காலெடுத்து வைத்ததும் தவசி முதலில் மைக்கூட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வான். இரண்டு ஜன்னல்களுக்கும் அடியில் நீளமாக ஒரே மேசை, இரண்டு நாற்காலிகள், ஒரே மைக்கூடு. சண்டைக் காலத்துச் சர்க்கார் அவ்வளவுதான் கொடுத்திருந்தது. மேசையைத் துடைக்கிற பியூன் மைக்கூட்டை நடுவில் வைத்துவிட்டுப் போயிருப்பான். தவசி அதை ஒரு சாண் நகர்த்தித் தன் வலது கைக்கு நேரே வைப்பான். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டி, சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து வகிட்டைச் சரிசெய்வான். பக்கத்து நாற்காலிக்காரி இனி ஒவ்வொரு வரிக்கும் எழுந்து, எட்டி, பேனாவை மையில் தொட்டுக்கொண்டு போக வேண்டும். அதற்கு எவ்வளவு நேரம் வீணாகும் என்று அவன் மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

அது நாற்பத்தைந்தாம் வருஷம். கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் ஊர். பெயர் வேண்டாம், அந்த ஆபீஸில் வேலை பார்த்தவர்கள் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். பழைய பருத்திக் கிடங்கு ஒன்றுக்கு வெள்ளையடித்து, தெருப் பக்கத்துச் சுவரில் இரண்டு ஜன்னல் திறந்து, ரேஷன் ஆபீஸ் என்று பலகை மாட்டியிருந்தார்கள். சுற்றுவட்டாரத்துக் கிராமங்களுக்கெல்லாம் அங்கேதான் கார்டு எழுத வேண்டும். வெள்ளையடித்தும் போகாத பஞ்சு மூலைக்கு மூலை பறந்து வந்து எழுதின மையில் ஒட்டிக்கொள்ளும். தவசி அதை ஊதி ஊதித் தள்ளிக்கொண்டே எழுதுவான்.

அவனுக்கு இருபத்து நாலு வயது, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். கையெழுத்து அச்சுக்கோத்த மாதிரி இருக்கும். கோர்ட்டில் மனு எழுதுகிறவர்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஆபீஸ் திறந்த முதல் வாரம், திறந்திருந்தது ஒரே ஜன்னல், ஒரே குமாஸ்தா. அவன் எழுதிய முதல் கார்டு அவன் வீட்டுக் கார்டுதான். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் ‘அம்மாவாசி’ என்று அப்பா பெயரை எழுதி, எழுத்தை ஒரு தடவை தடிப்பாக்கியும் வைத்தான். பெரிய ஆட்கள் மூன்று பேர் என்று போட்டான். அப்பா எங்கே என்று யாராவது கேட்டால், “மலையில வேலை, வருவாக” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவான்.

இரண்டாவது ஜன்னல் பவுனுக்காகத் திறந்தது. தேவாரத்துப் பெண். அப்பா ஏலக்காய் மண்டியில் எடை போடுகிறவர். மதுரையில் விடுதியில் தங்கிப் படித்துப் பாஸ் செய்தவள். காலையில், பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடுகிற கரி பஸ்ஸில் வந்து இறங்கும்போது முகமெல்லாம் புகை அப்பியிருக்கும். தொட்டித் தண்ணீரில் கழுவிக்கொண்டு நேரே வந்து உட்கார்ந்துவிடுவாள். அவளுடைய கையெழுத்தைத் தவசி ‘கோழிக் கிறுக்கல்’ என்பான். அதில் பொய் இல்லை. ஆனால் கோழி வேகமாகக் கிறுக்கியது.

ஆண்கள் காட்டிலும் மலையிலும் இருந்ததால் கார்டுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். தவசி ஜன்னலில் வண்டி ஒரே இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

“புருசன் பேரு?”

ஜன்னலுக்கு வெளியே அந்த அம்மாள் காலடி மண்ணைப் பார்ப்பாள்.

“பேரு தெரியாதா?”

“தெரியும்.”

“அப்பச் சொல்லு.”

“எப்படிங்க என் வாயால சொல்ல?”

“ரூல்னா ரூலு. பேரு இல்லாம கார்டு இல்ல. போயிட்டு ஆம்பளை யாரையாச்சும் கூட்டியா.”

அவள் நாலு மைல் நடந்து போய், மறுநாள் தம்பியைக் கூட்டிக்கொண்டு நாலு மைல் நடந்து வருவாள். பவுனு வந்த முதல் நாளே இந்தத் தொல்லை அவள் ஜன்னலில் தீர்ந்துபோயிற்று. அவள் புருஷன் பெயரை மனைவியிடம் கேட்பதே இல்லை. தலையைச் சாய்த்து, வரிசையில் பின்னால் நிற்பவளைப் பார்த்து, “ஏத்தா, இந்த அக்கா வீட்டுக்காரர் பேரு என்ன?” என்பாள். பின்னால் இருப்பவள் பளிச்சென்று சொல்லிவிடுவாள். அவளுடைய முறை வரும்போது அவளுக்குப் பின்னால் இருப்பவள் சொல்லுவாள். வரிசை மளமளவென்று நகரும்.

நகருகிற வரிசையைப் பார்த்து எல்லாரும் அங்கேயே போனார்கள். ஆண்களும் போனார்கள். தவசி ஜன்னலில் வெயில் மட்டும் வந்து நின்றது. சாயங்காலம் ஆபீசர் சுவர்ப் பலகையில் அன்றைய கார்டுகளைச் சாக்கட்டியால் எழுதுவார்: தவசி நாற்பத்தொன்று, பவுனு எழுபத்தேழு. அதைப் பார்க்காமல் வெளியே போக வழியில்லை. பலகை வாசலுக்கு எதிரே இருந்தது.

ஒரு நாள் அவனும் அந்த வித்தையைச் செய்து பார்த்தான். முன்னால் நின்றவளை விட்டுவிட்டுப் பின்னால் நின்றவளிடம் பெயரைக் கேட்டான். அவளும் மண்ணைப் பார்த்தாள். மூன்றாவது பெண்ணைக் கேட்டான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. முதல் இரண்டு பேரும் ஒரே ஆளின் இரண்டு பெண்டாட்டிகள். மூன்றாவது, அந்த ஆளுடைய தம்பி பெண்டாட்டி. மூத்தவர் பெயரை அவளும் சொல்லக் கூடாது. மண்ணெண்ணெய்க் கூப்பன் எழுதுகிற உமர் பாருக் சிரித்த சிரிப்பில் கூப்பன்கள் தரையில் பறந்தன. பவுனும் சிரித்தாள். உமர் சிரித்ததை மறந்த தவசி, அவள் சிரித்ததை மறக்கவில்லை.

அவன் அவள் பெயரைச் சொல்லவே மாட்டான். “அந்த ஜன்னல்ல கேளுங்க”, “அந்த ஜன்னல் கார்டுக் கட்டு வந்துருச்சா” என்றுதான் பேச்சு. உமர் பாருக் ஒரு தடவை கேட்டே விட்டான்: “ஏன் மாப்ளே, அந்தப் பிள்ளை பேரைச் சொல்ல நீ ஏன் இப்படி வெக்கப்படுறே? அதுக்கு வாக்கப்பட்டு வந்தவனா நீ?” தவசி இரண்டு நாள் உமரோடு டீ குடிக்கப் போகவில்லை. “எனக்கு ஒண்ணும் வயித்தெரிச்சல் இல்லய்யா. நியாயம்னு ஒண்ணு வேணும்ல?” என்று கேட்காதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். வயிறு எரியத்தான் செய்தது. ராகி தோசை மாதிரி ஒரு பக்கம் வெந்ததும் மறு பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு எரிந்தது.

இத்தனைக்கும் காரணம் ஒரு காகிதம். தற்காலிகக் குமாஸ்தாக்களில் ஒருவரை நிரந்தரம் செய்ய, ஒரு பெயரை எழுதி அனுப்பும்படி மேலிடத்திலிருந்து வந்திருந்தது. “சனிக்கிழமை காலைத் தபாலில் ஒரு பெயர் போகும்” என்று ஆபீசர் இருவரையும் நிற்க வைத்துச் சொல்லிவிட்டார். தவசிக்குப் பெண் கொடுப்பதாக இருந்த நல்லகண்ணு மாமா, “வேலை நிலைக்கட்டும் மருமகனே, மறுநாளே தேதி வைப்போம்” என்று சொல்லியிருந்தார்.

அன்றைக்கு அவன் முதல்முறையாக அவளிடம் நேராகப் பேசினான். “பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு நிரந்தரம்? நாளைக்கு ஒருத்தனைக் கட்டிக்கிட்டுப் போகப்போறே. நான் குடும்பம் நடத்தணும்.”

பவுனு எழுதுவதை நிறுத்தவில்லை. “கட்டிக்கிட்டுப் போனவுக கதையை இந்த ஜன்னல்ல நான் தெனமும் கேக்குறேங்க. எனக்கும் வேலை வேணும்.”

வியாழக்கிழமை அவனுக்கு யோகம் அடித்தது. ஒருவர் எழுதிய கார்டை மற்றவர் சரிபார்த்து ஓரத்தில் முதல் எழுத்தைப் போட்டால்தான் அது செல்லும் என்பது அந்த ஆபீஸின் வழக்கம். அவனுடைய கார்டுக் கட்டை அவள் மேலோட்டமாகப் பார்த்து ‘ப’ போட்டுவிடுவாள். தன் எழுத்தை நின்று ரசிக்கவில்லையே என்று அதிலும் அவனுக்கு மனத்தாங்கல். அவளுடைய கட்டை அவன் பேன் பார்ப்பதுபோல் பார்ப்பான். அன்று அகப்பட்டது. சுருளிப்பட்டிக் கார்டு ஒன்று. குடும்பத் தலைவர்: மொக்கம்மாள். அவளுடைய புருஷன் உயிரோடு இருக்கிறான் என்பது அவனுக்குத் தெரியும். மேகமலை எஸ்டேட்டுக்குப் போய் அங்கே வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். புருஷன் இருக்கும்போது பெண்ணைத் தலைவர் என்று எழுதக் கூடாது. ரூல்னா ரூலு.

“இது என்ன?” என்று கார்டை நீட்டினான்.

“அவுக பேருல எழுதுனா, மலையில இருந்து எறங்கி வந்து கார்டைத் தூக்கிட்டுப் போயிருவாக. மொக்கம்மாளும் ரெண்டு பிள்ளைகளும் எதைத் திங்கும்?”

“அது நம்ம கவலை இல்ல. இதை ஆபீசர்கிட்டக் காட்டப்போறேன்.”

அவளுடைய பேனா நின்றது. முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும், “காட்டுங்க” என்றாள். அவன் கார்டைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டான். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காட்டினால் போதும், சூடு ஆறாமல் சனிக்கிழமைத் தபாலுக்குப் போகும் என்பது அவன் திட்டம்.

வெள்ளிக்கிழமை நடுப்பகல். அவன் ஜன்னல் வழக்கம்போல் காலி. பக்கத்து வரிசையில் யாரோ இரும, அந்த இருமல் தெரிந்த இருமலாக இருந்தது. எட்டிப் பார்த்தான். அவனுடைய தாயார் சுப்புத்தாய் நின்றிருந்தாள். அவனுக்குச் சுருக்கென்றது. பெற்ற ஆத்தாகூட அந்த ஜன்னலுக்குத்தான் போகிறாள்! கூப்பிட வாயெடுத்தவன், அவள் முறை வந்துவிட்டதைப் பார்த்து, வெளியே தெரியாதபடி தலையைக் குனிந்துகொண்டான்.

“ஆத்தா, இந்தக் கார்டுல மூணு ஆளுன்னு இருக்கு. எங்க வீட்டுல ரெண்டு பேருதான்” என்றாள் சுப்புத்தாய்.

பவுனு கார்டை வாங்கினாள். எழுத்தையும் தலைவர் பெயரையும் பார்த்ததுமே யார் வீட்டுக் கார்டு என்று தெரிந்திருக்கும். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “யாரும்மா இல்ல?”

“அவுகதான். போயி ஒம்பது வருசமாச்சு. மலைக்கு அங்கிட்டு ஒருத்திகூட இருக்காக. இருக்கட்டும், நல்லா இருக்கட்டும். அவுக பங்கு அரிசியைத் தனிப் பானையில போட்டு வச்சேன், திங்க மனசு வரல. அதுல வண்டு விழுந்துருச்சு. ஊரே கஞ்சிக்கு அலையுது, நான் வண்டுக்குச் சோறு போடவா?”

“மகன்கிட்டச் சொன்னீகளா?”

“அவன்கிட்ட எப்படித்தா சொல்ல? அய்யா பேரு கார்டுல இருக்குன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு அலையுறான். அவன் ஜன்னல்ல இப்ப ஆளைக் காணோம். இங்கன நான் வந்தது அவனுக்குத் தெரிய வேணாம்.” கொஞ்சம் நின்று, “தலைவருன்னு எம் பேரை எழுதுனாச் செல்லுமா?” என்று கேட்டாள்.

பவுனு தவசியின் கோட்டை ஒரு தடவை பார்த்தாள். அவளுடைய வேலைக்கு உலை வைக்கப்போகிற கார்டு பக்கத்து நாற்காலியில் கோட்டுப் பையில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்றையும் எழுதுவது எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுகிற வேலை. எழுந்தாள். எட்டி மையைத் தொட்டுக்கொண்டு போய் உட்கார்ந்து, “பேரைச் சொல்லுங்கம்மா” என்றாள்.

தவசி தலையைத் தூக்கவே இல்லை. காது மட்டும் கொதித்தது. ஒன்பது வருஷமாகத் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாத ஆத்தா, யாரோ ஒரு தேவாரத்துப் பெண்ணிடம் ஒரு நிமிஷத்தில் கொட்டிவிட்டாளே என்று அவமானத்துக்கு நடுவிலும் அவனுக்குப் பொறாமையாக இருந்தது.

ஐந்து மணிக்கு அவளுடைய கட்டு வந்தது. கட்டின் நடுவில் இருந்தது அந்தக் கார்டு. குடும்பத் தலைவர்: சுப்புத்தாய். கோழிக் கிறுக்கலாக இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்தி எழுதியிருந்தாள். பழைய கார்டைக் கோடு போட்டு அடித்து, குண்டூசியால் பின்னால் குத்தியிருந்தாள். மாற்றியதற்குக் காரணம் என்ற இடத்தில் ‘ஒருவர் வெளியூர்’ என்று மட்டும் இருந்தது. முதல் கார்டில் பொய் எழுதியது யார் என்று ஒரு சொல் இல்லை. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். இவ்வளவு நல்ல கையெழுத்தை வைத்துக்கொண்டு, ஆத்தா பெயரை அந்த இடத்தில் எழுத அவனுக்குத் தோன்றவில்லை. அதிலும் அவள் முந்திக்கொண்டாள்.

தட்டிக்குப் பின்னாலிருந்து ஆபீசர் குரல் கொடுத்தார். “தவசி, அந்தப் பெண்ணோட கட்டில் தப்பு ஏதாவது உண்டா? நாளைக்குப் பெயர் எழுதி அனுப்பணும். சொல்றதா இருந்தா இப்பவே சொல்லிடு.”

பவுனு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உமர் பாருக் கூப்பன் புத்தகத்தை மூடினான். தவசியின் மனசில் நல்லகண்ணு மாமாவின் முகம் வந்து போயிற்று.

“ஒண்ணும் இல்லைங்க. பவுனு கட்டு எல்லாம் சரியா இருக்கு.”

மொக்கம்மாளின் கார்டைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்துத் தாயாரின் கார்டுக்குப் பக்கத்தில் வைத்தான். இரண்டின் ஓரத்திலும் ‘த’ போட்டான். கட்டை நூலால் கட்டி அவள் பக்கம் தள்ளினான். அவள் எடுத்துக்கொண்டாள். கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தவன், மைக்கூட்டைத் தூக்கி மேசைக்கு நடுவில் வைத்தான். அவள் குனிந்து கார்டுகளை எண்ணத் தொடங்கியதும், அதை ஒரு விரற்கடை தன் பக்கம் நகர்த்திக்கொண்டான்.