பதினாறு கோரும் ஒரு கார் ரேஸும்

கம்ப்யூட்டர் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சந்தேகம் கேட்க வருவதில்லை, வீடியோவில் பார்த்ததை நம் வாயால் சரி என்று சொல்லவைக்க வருகிறார்கள். இதே தொழிலில் இருந்து அவதிப்படும் உங்களுக்குத் தெரியாததா?

நெய்வேலி டவுன்ஷிப்பில் எனக்கு வாய்த்தவர் ஞானசேகர். மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கம் கான்ட்ராக்ட் வேலை. மகள் சுகன்யா புனேயில் வேலை பார்க்கிறாள். ஞாயிறுதோறும் இருவரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அவரவர் ஊரில் இருந்தபடியே ஒரு கார் ரேஸ் கேம் ஆடுவார்கள். இவர் கார் மட்டும் பாதியில் உறைந்து நின்றுவிடும். "சிஸ்டத்தை மாத்துங்கப்பா, இல்லேன்னா நான் ஆட வரல" என்று மகள் சொல்லிவிட்டாள். மனுஷன் ஆடிப்போய்விட்டார்.

பதினாறு பேர்

என்னைக் கேட்காமலே எங்கோ பிடித்து, பதினாறு கோர், அதாவது பதினாறு குட்டி மூளை, உள்ள பழைய சர்வர் ப்ராசஸரை மாட்டிக்கொண்டார். கார் அப்போதும் நின்றது. எந்தக் கோர் எவ்வளவு உழைக்கிறது என்று திரையில் காட்டினேன். ஒன்று மூச்சுமுட்ட ஓட, மற்றவை கிட்டத்தட்ட சும்மா இருந்தன. உற்றுப் பார்த்தார்.

"ஒத்த கான்ட்ராக்ட் ஆளு மாங்கு மாங்குன்னு செஞ்சுகினு இருக்கான், பதினஞ்சு பர்மனென்ட்டு வேடிக்கை பாத்துகினு நிக்குதா?"

ஒரே பெல்ட்

வேலையைப் பங்குபோட்டுக் கொடுக்கத் தெரிந்த புது கேம் என்றால் நிறைய கோர் உதவும். இது பழைய கேம், முக்கால்வாசி வேலையை ஒரே கோரின் தலையில் கட்டிவிடும். கரி முழுக்க ஒரே பெல்ட்டில் வரும்போது பக்கத்தில் பதினைந்து பெல்ட் காலியாக ஓடி என்ன பயன் என்றேன். சட்டென்று பிடித்துக்கொண்டார். கோர் ஆறுதான், ஆனால் ஒவ்வொன்றும் வேகமானது என்று வேறொரு ப்ராசஸரைப் போர்டோடு மாற்றிக் கொடுத்தேன். கேம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அவர் மனைவிதான் கடைக்கே வந்துவிட்டார்.

"பதினாறக் குடுத்துட்டு ஆறு வாங்கிகினு வந்து நிக்குறாருங்க இந்த மனுசன். உங்க கடையில எண்ணத் தெரிஞ்சவங்க யாருமே இல்லீங்களா?"

வேகம்

சில வாரம் கழித்து ஞானசேகர் சிபியூவைத் தூக்கிக்கொண்டு வந்தார். மறுபடி நின்றுவிட்டதோ என்று பயந்தேன். இல்லை, அருமையாக ஓடுகிறதாம். அதுதான் சங்கடம். முன்பு இவர் கார் நின்றால் மகள் தன் காரை ஓரம்கட்டிவிட்டுக் காத்திருப்பாள். அந்த நேரத்தில் சாப்பாடு, ஆபீஸ், ரூம்மேட் சண்டை என்று எல்லாவற்றையும் கொட்டுவாள். இப்போது இருவரும் பறக்கிறார்கள், "பை பா" சொல்லும்வரை பேச்சே இல்லை. பழைய பதினாறு கோரையே திருப்பி மாட்டித் தரச் சொன்னார். பழசை மாட்டினால் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாளா என்று கேட்டேன்.

"கோவிச்சுக்கட்டும் தம்பி. கோவிச்சுகினாவது எங்கூட பேசும் இல்ல?"

கேம் நன்றாக ஓட எத்தனை கோர் வேண்டும் என்று யார் வந்தாலும், கூட ஆடப்போவது யார் என்றுதான் இப்போதெல்லாம் முதலில் கேட்கிறேன்.