பெடியாகோ பட்ட பாடுகள்

பெடியாகோ என்றால் எங்கள் மொழியில் சண்டைக்கு வந்தவன் என்று அர்த்தம். ஆனால் நத்தானியேல் பெடியாகோ தம் ஐம்பத்திரண்டு வயதுக்குள் சண்டை போட்டதெல்லாம், எங்கள் ஊரான குமாசியில் தம் பட்டறைக்கு ரிப்பேருக்கு வந்த ஃபிரிட்ஜுகளோடு மட்டும்தான். அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. எங்கள் சபையில் மூப்பர்கள் உட்காரும் வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே கிடக்கும் நாற்காலி. மூன்று முறை பெயர் அடிபட்டது. மூன்று முறையும் பாஸ்டர், "எல்லாஞ்சரி, கர்த்தருக்காக என்ன பாடு பட்டிருக்கீங்க?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார். பெடியாகோவுக்கு மூலம் உண்டு. அது கணக்கில் வராது என்று அவருக்கே தெரியும்.

அதனால்தான் செனகலுக்குப் பன்னிரண்டு நாள் ஊழியப் பயணம் என்று அறிவித்ததும் முதல் ஆளாகக் கை தூக்கினார். முஸ்லிம் நாடாயிற்றே, ஒரு கல்லாவது மேலே விழாமலா போகும்? பெட்டி கட்டும்போது மனைவி கம்ஃபர்ட், "கல்லடி படப்போற மனுஷனுக்கு இஸ்திரி போட்ட சட்டை ஆறு எதுக்கு?" என்று கேட்டதை அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

செனகலில் அவர்கள் இறங்கிய கவ்லாக் நகரத்தில் ஒரு கல்லும் விழவில்லை. தங்கக் கொடுத்த வீட்டுக்காரர், "குடும்பப் பேரு இல்லாம எங்க ஊர்ல எப்படி நடமாடுவீங்க? எங்க பேர வச்சுக்குங்க. இன்னைலேருந்து நீங்களும் ஜோப்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னவன் ரஃபாயேல், மொழிபெயர்ப்பாளன். அந்த ஊர்க் கிறிஸ்தவன், காம்பியாவில் படித்து ஆங்கிலம் பேசுகிறவன். பெடியாகோ அவனிடம் கறாராகச் சொல்லி வைத்திருந்தார். "அவங்க பேசினத மட்டும் சொல்லு தம்பி. ஒன் சொந்தச் சரக்க எதையும் சேர்க்காத." புறப்படுமுன் நடந்த பயிற்சி வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

மறுநாள் காலை, தெருமுக்கில் மீன்சோறு விற்கும் கும்பா நியாய் அவர் பேரைக் கேட்டாள். "ஜோப்" என்றார். அவ்வளவுதான், அந்த அம்மாள் கரண்டியை ஓங்கிக்கொண்டு தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். ரஃபாயேல் ஒரு சொல்கூடச் சேர்க்காமல் சொன்னான். "ஜோப்பா நீ? அடேய் அடிமை! சோத்துத் திருடா! சட்டிய மூடுங்கடி, பஞ்சத்துல பொறந்தவன் வந்துட்டான்!"

பெடியாகோவுக்குப் புல்லரித்துவிட்டது. இத்தனை வருஷமாய்த் தேடிய பாடு கரண்டியும் கையுமாக எதிரே நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு, "கர்த்தர் ஒங்கள ஆசீர்வதிப்பாரம்மா" என்றார். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. மனசாட்சி குத்துகிறது என்று எடுத்துக்கொண்டார். திட்டிய கையோடு தட்டு நிறையச் சோறு வைத்துக் காசு வேண்டாம் என்றாளே, அது அவர் புத்தியில் ஏறவே இல்லை.

அன்றே பாஸ்டருக்குக் குரல்செய்தி போனது. பிறகு தினமும் போனது. "இன்னைக்கு ரெண்டு தடவ அடிமைன்னு சொன்னா பாஸ்டர். தாங்கிக்கிட்டேன்." சபை சும்மா இருக்குமா? மூன்று நாள் உபவாசம் அறிவித்தார்கள். நானும் இருந்தேன், மயங்கி விழாத குறை. அந்த மூன்று நாளும் மனுஷன் மீன்தலையோடு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

திட்டு வாங்கத் தொடங்கிய ஒன்பதாம் நாள் கும்பாவின் ஃபிரீசர் நின்றுபோனது. உள்ளே வைத்த மீனெல்லாம் நாறிவிடும் என்று அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். வேதம் சொல்கிறபடி, சத்துருவுக்கு நன்மை செய்து அவன் தலைமேல் அக்கினித் தழலைக் குவிக்க இதைவிட நல்ல நேரம் ஏது? பெடியாகோ சட்டைக்கையை மடித்து, கருகிய ஒயர் ஒன்றை மாற்றி, அரைமணியில் ஓடவிட்டார். கும்பா சிரிக்கவில்லை. ரஃபாயேலிடம் தணிந்த குரலில் ஏதோ கேட்டாள். அவன் சொன்னான். "இவரு வீட்ல ஏதாச்சும் சாவா? ஒம்போது நாளா சொந்தக்காரனாட்டம் திட்டறேன், ஒரு வார்த்த திருப்பித் திட்ட மாட்டேங்கறாரு. நான் அவ்ளோ வேண்டாதவளா?"

"சொந்தக்காரனா?" என்றார் பெடியாகோ.

"ஆமாண்ணே. நியாய் குடும்பமும் ஜோப் குடும்பமும் கேலி பேசற முறைக்காரங்க. அடிமை, திருடன்னு மாத்தி மாத்தித் திட்டிக்கணும். மரியாதையாப் பேசினாத்தான் அசலூருன்னு அர்த்தம்."

"அடப்பாவி, இத மொத நாளே சொல்றதுக்கென்ன?"

"சொந்தச் சரக்க சேர்க்காதன்னீங்களே!"

பெடியாகோ ஃபிரீசர் மேலேயே உட்கார்ந்துவிட்டார். வெட்கத்தில் காது சுட்டது. அதைவிட, எதிரே நின்ற அந்த அம்மாளின் கண்ணில் இருந்த வருத்தம்தான் அவரைக் கொன்றது. திருப்பித் திட்ட வாயெடுத்தார். ஐம்பத்திரண்டு வருஷம் நல்லபிள்ளையாக இருந்த வாயில் ஒரு வசவும் வரவில்லை.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை நாற்காலிக்கு வெள்ளைத்துணி போர்த்தியிருந்தார்கள். "நிந்தைகளைச் சுமந்த நம் சகோதரர்" என்று பாஸ்டர் மைக்கை நீட்டினார். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், நாற்காலி அவருடையது. நாற்காலியைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார்.

"பாடு பட்டது நான் இல்ல, அந்த அம்மாதான்" என்றார். "ஒம்போது நாள் சொந்தம்னு கூப்பிட்டாங்க. நான் அசலாளாவே நின்னேன்." பிறகு மீன்தலையையும் மறைக்காமல் சொன்னார்.

பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்து, "அப்ப என் மூணு நாள் பட்டினிக்கு யாரு பதில் சொல்றது?" என்றாள். நாற்காலி, சபைக்கூரையைப் பூசும்போது ஏணியிலிருந்து விழுந்து காலொடிந்த அம்போன்சாவுக்குப் போயிற்று.

வாசலில் செருப்பு மாட்டும்போது பெடியாகோவின் போன் சிணுங்கியது. குரல்செய்தி: கும்பாவின் கத்தல், பின்னால் ரஃபாயேலின் ஆங்கிலம். "அடிமையே! நீ தொட்ட பொட்டி மறுபடி செத்துப்போச்சு. ஜோப்புங்களுக்குத் திங்க மட்டுந்தான் தெரியும்!"

பெடியாகோ போனை வாய்க்கருகே கொண்டுபோனார். கம்ஃபர்ட் பார்த்துக்கொண்டே நின்றாள். "சோத்தக் கருக்கற நியாய்க் கூட்டத்துக்குப் பொட்டி ஒரு கேடா? அடுப்பே ஒங்களுக்கு அதிகம்டி, அடிமைக் கழுதைகளா!" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "ரஃபாயேலு, அப்படியே சொல்லு, ஒரு வார்த்த கொறைக்காத" என்றும் சேர்த்தார்.

பதிலாக வந்ததில் பேச்சே இல்லை. சட்டியைக் கரண்டியால் தட்டுகிற சத்தமும், ஒரு தெருவே சேர்ந்து சிரிக்கிற சிரிப்பும்தான். அதை அவர் அந்த வாரம் முழுக்கப் பட்டறையில் போட்டுப் போட்டுக் கேட்டார்.