எதிர்வீட்டுத் தயிர்

எதிர்வீட்டுப் பெண்ணின் தயிர்மேல் எனக்குப் பொறாமை வந்தது. அதற்கு வேறு நாகரிகமான பெயர் கிடையாது. நகை, கார், அமெரிக்காவில் பிள்ளை என்று ஊரில் பொறாமைப்பட எத்தனையோ இருக்க, நாற்பத்திரண்டு வயதில், சிறுசேரியில் பதினெட்டு வருடம் குப்பை கொட்டிய பிறகு, நான் ஓர் எவர்சில்வர் கிண்ணத்தைப் பார்த்து வயிறெரிந்தேன்.

அதுவரை எங்கள் வீட்டில் தயிர் என்றால் பாக்கெட் தயிர்தான். ஓரத்தைக் கத்தரித்துக் கிண்ணத்தில் கவிழ்ப்பதோடு என் வேலை முடிந்துவிடும். என் கணவருக்கு வயிற்றில் புண் வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, போகிறபோக்கில், "வீட்ல தோய்ச்ச தயிரா சாப்பிடுங்க, புளிக்காம" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் ஏழு மாதம் பாடுபட்டேன்.

முடிச்சூரில் எங்கள் மாடியில் இரண்டே வீடுகள். எதிர்வீட்டுக்காரருக்குத் தாம்பரத்தில் ஹார்டுவேர் கடை. அவர் மனைவிக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். என்னை அக்கா என்று கூப்பிடுவாள். உறைக்கு ஒரு ஸ்பூன் தயிர் வேண்டும் என்று முதல் நாள் அவள் வீட்டு மணியைத்தான் அடித்தேன். ஆபீஸ் பஸ் என்னை இறக்கிவிட ஏழு மணியாகிவிடும். அதனால் நான் உறை கேட்டுப் போனதெல்லாம் விளக்கு வைக்கிற நேரம் தாண்டித்தான். இது பின்னால் வேண்டியிருக்கும், நினைவில் இருக்கட்டும்.

அவள் கிண்ணத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கும்போது என் கையில் சாய்ந்தது. உள்ளே இருந்த தயிர் அசையவில்லை.

"பால் விரல் பொறுக்கற சூட்டுக்கு வந்ததும் ஒரு ஸ்பூன் விட்டு ஒரு ஆத்து ஆத்திடுங்க அக்கா. மூடி வெச்சிட்டு அப்புறம் தொடாதீங்க. அவ்ளோதான்."

இந்த 'அவ்ளோதான்' எனக்குப் பிடிக்காது. நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்கிற வார்த்தை அது. எதையோ மறைக்கிறாள் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். ஆபீஸில் என் வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். அடுத்தவர் எழுதியதில் எங்கே ஓட்டை என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

முதல் தடவை சூடு அதிகம். காலையில் பால் திரிந்து, தண்ணீர் தனியாகவும் கட்டி தனியாகவும் கிடந்தது. அடுத்த தடவை ஆறவிட்டு ஊற்றினேன், பால் பாலாகவே இருந்தது. உறை போதவில்லை என்று மூன்று ஸ்பூன் ஊற்றியதில் கணவர் ஒரு வாய் வைத்துவிட்டு ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டார். பச்சைப் பாக்கெட் பாலில் இருந்து கொழுப்பு கூடிய ஆரஞ்சுப் பாக்கெட்டுக்கு மாறினேன். மண்சட்டி வாங்கினேன். ஹாட் பாக்ஸில் வைத்தேன், அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன். மார்கழியில் இன்வெர்ட்டர்மேல் வைத்தேன். வெள்ளம் வந்து போனதிலிருந்து எங்கள் பக்கத்தில் இன்வெர்ட்டரை ஆளுயரத்துக்கு மேல்தான் மாட்டுவார்கள். ஸ்டூல் போட்டு ஏறி, பால் பாத்திரத்தை அதன் தலையில் வைத்து, மணிக்கொரு தரம் ஏறிப் பார்த்தேன். ஆன்லைனில் தெர்மாமீட்டர் வாங்கி, அதையும் பாலில் விட்டு விட்டு எடுத்துப் பார்த்தேன். விடிந்து கரண்டியை விட்டால் நூல் நூலாக இழுத்தது.

இடையில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் பிரியாணியும் தயிர்ப் பச்சடியும் கொடுத்தனுப்பினாள். கணவர் பிரியாணியை விட்டுவிட்டுப் பச்சடியைப் பற்றிப் பேசினார். "கத்தியால வெட்டலாம் போலிருக்கே," என்றார். வயிற்றுப் புண்ணுக்குப் பிரியாணி ஆகாது என்று தட்டை இழுத்துக்கொண்டேன். இன்னொரு நாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள், அவள் உறைக்குக் கொடுத்த தயிரைச் சோற்றில் போட்டுப் பிசைந்து சாப்பிட்டிருந்தார். கிண்ணத்தைச் சுண்டுவிரலால் வழித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"கொஞ்சம்தானே இருந்துது. உறைக்குன்னு தெரியாது," என்றார்.

பத்தொன்பது வருடத்தில் என் சமையலில் எந்தக் கிண்ணத்தையும் அவர் விரலால் வழித்ததில்லை. அன்று எனக்கு வந்தது கோபம் மட்டும் இல்லை. என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வேறு ஒருத்தி வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

பிறகு நான் மோசமாகத்தான் நினைத்தேன். அவள் மேலாக இருக்கும் ஆடையை மட்டும் எனக்கு வழித்துக் கொடுக்கிறாள், நல்ல தயிரை அடியில் வைத்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் உறை ஊற்றுகிற நேரம் பார்த்து, கொத்தமல்லி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு நேரே சமையலறைக்குள் போய் நின்றேன். அவள் சுண்டுவிரலால் பாலைத் தொட்டாள். ஒரு ஸ்பூன் தயிர் விட்டாள். இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி ஆற்றினாள். மேடை மூலையில் வைத்து மூடினாள். பேசிக்கொண்டே மிளகாய் அரிய ஆரம்பித்துவிட்டாள், அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஒளிக்க அங்கே ஒன்றுமே இல்லை என்றதும் எனக்கு இன்னும் எரிந்தது.

எனக்குத் தயிர் வந்தது தலைவலியால். ஆபீஸ் பஸ் வண்டலூரில் ரிப்பேராகி நின்று, வீடு வந்து சேர்ந்தபோது மண்டை பிளந்துகொண்டிருந்தது. ஏதோ ஒரு சூட்டில் ஏதோ ஒரு அளவு உறையைக் கலந்து மூடிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் மூடியைத் திறந்தால், பாத்திரத்தைச் சாய்த்தும் தயிர் சாயவில்லை. அத்தனை நாளும் சூடும் அளவும்தான் குறை என்று நினைத்திருந்தேன். மூடியைத் திறந்து திறந்து, ஆட்டி ஆட்டிப் பார்த்து, தோய விடாமல் கெடுத்ததில் பாதி நான்தான். தொடாதீங்க என்று அவள் முதல் நாளே சொன்னதுதான். நன்றி வரவேண்டிய இடம். வரவில்லை.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கணவர் ஆபீஸுக்குப் போன் செய்தார். பகலில் போன் செய்கிறவர் அவர் இல்லை என்பதால் ஆசையாக எடுத்தேன். "சூப்பரா இருக்கு. அப்படியே எதிர்வீட்டுத் தயிர் மாதிரியே இருக்கு," என்றார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் என் வீட்டில் நல்ல தயிர். அவளிடம் உறைக்குப் போகவில்லை. நோன்பு மாதம் தொடங்கியது. ஒரு நாள் நான் வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றுவதற்குள் மணி அடித்தது. அவள்தான், கையில் கிண்ணத்தோடு.

"அக்கா, கொஞ்சம் உறை தயிர் இருக்குமா? நோன்பு திறக்க நாத்தனார் வீட்ல எல்லாரும் வந்திருந்தாங்க. உறைக்கு எடுத்து வெச்சதையும் சேர்த்துப் பச்சடி போட்டுட்டாங்க. இப்ப ஊத்தினாத்தான் சஹருக்குத் தோயும். இவருக்கு விடிகாலைல தயிர்ச் சோறு இல்லன்னா பகல்ல நெஞ்சு எரியும்."

ஏழு மாதமாக நான் அவள் வாசலில் நின்ற மாதிரி அவள் என் வாசலில் நின்றாள். ஃபிரிட்ஜில் ஒரு முழுப் பாத்திரம் இருந்தது. கொடுத்திருந்தால் ஒரு ஸ்பூன் குறைந்திருக்கும். ஆனால் நாளைக்கு அவள் தயிரும் இதே தயிராகிவிடும், எனக்கென்று இருப்பதும் போய்விடும் என்று ஏனோ தோன்றியது. என் வாய் தானாகச் சொன்னது.

"அச்சச்சோ, விளக்கு வெச்சாச்சே. விளக்கு வெச்சப்புறம் எங்க வீட்ல தயிர், உப்பெல்லாம் வெளிய கொடுக்க மாட்டோம். காலைல முதல் வேலையா கொண்டுவந்து தரேன்."

வழக்கம் உண்மைதான். என் மாமியார் கடைப்பிடித்தார். நான் அன்றுவரை அதை நினைத்துப் பார்த்ததுகூட இல்லை.

"ஐயோ, பரவாயில்லக்கா," என்று அவள் கிண்ணத்தை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் கணவர் ஹாலில் நின்றுகொண்டிருந்தார். பூஜை அலமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கு விளக்கே ஏத்தலியே," என்றார்.

வார நாளில் எங்கள் வீட்டில் யார் விளக்கேற்றுகிறார்கள்? நேரே போய், கைகூடக் கழுவாமல், திரியை நிமிண்டி ஏற்றினேன். பொய் சொன்னவள் ஆகக்கூடாது என்று அவசரம். ஏற்றி முடித்ததும், போய்த் தயிரைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் மனம் இளகியது. ஆனால் இப்போது நிஜமாகவே விளக்கு வைத்தாகிவிட்டது. கணவர் அன்று மோர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டு எழுந்தார்.

காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும்போது பெரிய கிண்ணம் நிறையத் தயிரோடு அவள் மணியை அடித்தேன். நோன்பு வைத்த முகம், உதடு காய்ந்திருந்தது.

"சஹருக்கு என்ன பண்ணீங்க?"

"ரசம் இருந்துதுக்கா, ஊத்திக்கிட்டோம்." கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, "உங்ககிட்ட நான்தான் மன்னிப்பு கேக்கணும்," என்றாள். "இத்தனை மாசமா விளக்கு வெச்சப்புறம்தான் உங்களுக்கு உறை குடுத்துக்கிட்டு இருந்திருக்கேன். உங்க வீட்டுக்கு ஆகாதுன்னு தெரியாது. அதனாலதான் உங்களுக்குத் தயிர் சரியாவே வரலையோ என்னவோ. ஏன்க்கா சொல்லல?"

பஸ் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். நான் தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்த தயிருக்கு உறை எங்கிருந்து வந்தது என்று பஸ் கேளம்பாக்கம் தாண்டும்போதுதான் உறைத்தது. அவளுடைய தயிரைத்தான் அவளுக்கு இல்லை என்றிருக்கிறேன்.

இன்று உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வீடு திரும்பினேன். ஏழே கால் இருக்கும், மணி அடித்தது. என் கிண்ணத்தைக் கழுவி, அதில் நோன்புக் கஞ்சி ஊற்றி, மேலே ஒரு தட்டைப் போட்டு மூடி எடுத்து வந்திருந்தாள். நான் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. என் தோளுக்கு மேலாக, உள்ளே பூஜை அலமாரிப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"விளக்கு வெச்சப்புறம் வாங்கிக்கலாமாக்கா?" என்று கேட்டாள்.

கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஹாலில் கணவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"வாங்கிக்கலாம்," என்றேன். "கொடுக்கத்தான் கூடாது."

"அப்ப சரிக்கா," என்று நிம்மதியாகக் கிண்ணத்தை என் கையில் வைத்தாள். கஞ்சி சூடாக இருந்தது.